கைக்கு எட்டாத கிராங்க் சென்சார்: வீட்டிலேயே மாற்றலாமா?

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிற கார், அரை மணி நேரம் ஓடினதும் சிக்னலில் பொசுக்குன்னு நின்னுடும். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், ஆனா பிடிக்காது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிடும். பழைய பெட்ரோல் கார் இப்படிப் படுத்தினால், முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்தான்.

ஃபிளைவீலைச் சுற்றி 60 பல் வர வேண்டிய இடத்தில், நிறைய எஞ்சின்களில் 58 தான் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. விட்டுப்போன அந்த 2 பல் இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்குன்னு ஈசியூ கணக்குப் போடுது. சிக்னல் போச்சுன்னா ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

2 வயர் வகை சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தமும், முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். சூட்டில் எல்லாம் விரியும்போது கம்பி எங்கோ விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேரும். அதனால ஆறின எஞ்சினில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு முடிவு கட்டாதீங்க. வண்டி நின்ற உடனே, கனெக்டரைக் கழற்றி, சூட்டோடு ஓம்ஸ் பாருங்க. 3 வயர் வந்தால் அது ஹால் வகையா இருக்கலாம், ஹால் வகைக்கு இந்த டெஸ்ட் ஒத்துவராது. எலி கடித்த வயரும் இதே கோளாறு கோடைத்தான் காட்டும், அதையும் பார்த்துட்டு அப்புறம் சென்சார் வாங்குங்க.

மாற்றுகிற வேலை என்னவோ ஒன்றிரண்டு போல்ட்தான். கஷ்டம் அது இருக்கிற இடம். ரெனோ லோகனில் கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்கின் மேலே உட்கார்ந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றாம கை போகாது. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் வேலை செய்யணும். எஞ்சின் நல்லா ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. நீளமான எக்ஸ்டென்ஷன், 10 எம்எம் சாக்கெட், போனில் வீடியோ ஆன் பண்ணி உள்ளே நீட்டினால் போல்ட் எங்கேன்னு தெரிஞ்சிடும்.

இங்கேதான் நிதானம் வேணும். சென்சாரை எடுத்ததும் தெரிகிற ஓட்டை நேரா ஃபிளைவீல் அறைக்குப் போகுது. போல்ட் அதுக்குள்ள விழுந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டி வரலாம். எடுக்கிறதுக்கு முன்னாடியே சுற்றியிருக்கிற மண்ணைத் துடைச்சிடுங்க. எடுத்ததும் ஓட்டையைத் துணியால் அடையுங்க, துணியின் வால் வெளியே தொங்கட்டும். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு டேப் வைத்தால் போல்ட் நழுவாது.

உட்காருகிற முகம் சுத்தமா இருக்கிறதும் முக்கியம். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஃபாரடே விதி ஞாபகம் இருக்கா? செல்ஃபில் எஞ்சின் மெதுவாத்தான் சுற்றும், வோல்டேஜும் கம்மி. அடியில் மண் சிக்கி சென்சார் தூக்கி நின்றால், புது சென்சார் போட்டும் ஸ்டார்ட் ஆகாது.

துணியை எடுத்துட்டு, போல்டைக் கையால் பிடித்த பிறகு ஸ்பேனர் போடுங்க. கனெக்டர் "டிக்"னு பூட்டணும். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிற வரைக்கும் ஐடிலில் விட்டு, அணைத்து, அந்தச் சூட்டிலேயே மறுபடி செல்ஃப் அடித்துப் பாருங்க.