தகடுகள் ஓடான கதை

சிப்பியின் இரண்டு ஓடுகளில் ஒன்று உடலின் வலப்புறமும் மற்றது இடப்புறமும் அமைந்தவை. பார்வைக்குச் சிப்பி போலவே இருந்தும், முதுகுப்புறம் ஓர் ஓடும் வயிற்றுப்புறம் ஓர் ஓடும் கொண்ட கடல் விலங்குகள் உண்டு. அவையே பிராக்கியோபாடுகள். இன்று வாழ்பவை ஏறத்தாழ 400 இனங்கள்தாம். பாறைகளில் படிவங்களாக மட்டும் எஞ்சியவையோ 12,000க்கும் மேல்!

இந்த இரட்டை ஓடு எவ்வாறு தோன்றியது?

ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியன் காலச் சுண்ணாம்புப் பாறைகளில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள தகடுகள் கிடைக்கின்றன. இவற்றைத் தாங்கிய விலங்குகளுக்கு டொம்மோட்டிடுகள் என்று பெயர். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, அதில் பாறையை ஊறவிட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். கால்சியம் பாஸ்பேட்டாலான தகடுகள் கரையாமல் தங்கிவிடும். ஆனால் அவை உதிரித் தகடுகள். இடிந்த வீட்டின் ஓடுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீட்டின் உருவத்தைச் சொல்ல முடியுமா?

விடை தகட்டுக்குள்ளேயே இருந்தது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய நுணுக்கங்களைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டும். அதில் பார்த்தபோது, மைக்ரினா என்னும் டொம்மோட்டிடின் தகடு, மெல்லிய பாஸ்பேட் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதாய்த் தெரிந்தது. ஏடுகளை ஊடுருவி நுண்குழல்கள் சென்றன. அவற்றில் மயிர் போன்ற இழைகள் இருந்திருக்க வேண்டும். இதே குழல்கள் மிக்விட்சியா என்னும் பழைய ஈரோட்டு விலங்கிலும் உண்டு! ஹோல்மர், ஸ்கோவ்ஸ்டெட், வில்லியம்ஸ் ஆகியோர் 2002இல் இவ்வுறவை எடுத்துக் காட்டினர். வேறு சில டொம்மோட்டிடுகளின் ஏடுகளில் தேன்கூடு போன்ற பலகோண வடிவங்கள் உள்ளன. அவையும் தொன்மையான பிராக்கியோபாடுகளில் காணப்படுபவையே.

பின்னர், தகடுகள் பிரியாமல் இணைந்திருந்த படிவங்களும் கிடைத்தன. தென் ஆஸ்திரேலியாவில் கிடைத்த எக்சென்ட்ரோதீக்காவின் தகடுகள் ஒரு குழாயாகச் சேர்ந்திருந்ததை 2008இல் விளக்கினர். அதாவது, அவ்விலங்கு ஓரிடத்தில் ஒட்டி நின்று வாழ்ந்தது. சீனாவின் யுன்னானில் கிடைத்து 2022இல் விவரிக்கப்பட்ட வூஃபெங்கெல்லாவோ, முதுகில் தகடுகளைச் சுமந்த புழு வடிவ விலங்கு.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரலாறு புலப்படுகிறது. ஊர்ந்து திரிந்த முன்னோரின் வழிவந்தவை ஓரிடத்தில் நிலைத்தன. பல தகடுகள் குறைந்து இரண்டாயின. அவையே ஓடுகளாக வளர்ந்தன என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

உருவம் சிதைந்தாலும் உள்ளமைப்பு உறவைச் சொல்லிவிடுகிறது அல்லவா?