காப்புறுதி இல்லாத இல்லங்களும் நோயுறும் நாய்களும்

இந்நாட்டில் மனிதருக்கு நோய் வந்தால் அரசாங்க வைத்தியசாலையின் கதவு கட்டணமின்றித் திறந்திருக்கின்றது. சில மருந்துகளை வெளியே வாங்க வேண்டிய நிலையும் நீண்ட காத்திருப்பும் அங்கு உண்டு என்ற போதிலும், கையில் பணமில்லை என்ற காரணத்துக்காக நோயாளி வாசலில் தடுத்து நிறுத்தப்படுவதில்லை. ஆனால், அதே வீட்டில் வளரும் நாய் நோயுற்றால் நிலைமை முற்றிலும் வேறானது. இரத்தப் பரிசோதனை, ஸ்கான், சேலைன், மருந்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் செலுத்த வேண்டும். சிகிச்சைக்கு விலை கேட்டுப் பழகாத ஒரு சமூகம், அந்த விலையை முதன்முதலாகக் கேட்டுத் திகைத்து நிற்பது பெரும்பாலும் தனது நாயின் முன்னிலையில்தான் எனலாம்.

இத்திகைப்பு சிறிய விடயமன்று. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பமொன்று, பிள்ளையின் ரியூஷன் கட்டணமா, நாயின் சிகிச்சையா என்று தீர்மானிக்க வேண்டிய கட்டத்துக்குத் தள்ளப்படுகின்றது. தீர்மானம் எடுக்க முடியாத சிலர் நோயுற்ற நாயைச் சந்தையருகிலோ ஆளில்லாத வீதியோரத்திலோ இறக்கிவிட்டுச் செல்கின்றனர். அவ்வாறு செய்வோர் அனைவரும் கல்நெஞ்சர் என்று கூறிவிட முடியாது. வேறு வழி உண்டு என்பதை அறியாமையே பலரை அந்நிலைக்குக் கொண்டு செல்கின்றது.

மேற்குலகில் இப்பிரச்சினைக்குக் காணப்பட்ட வழிகளுள் ஒன்று காப்புறுதியாகும். சுவீடனில் 1924 ஆம் ஆண்டிலேயே நாய்க்கான காப்புறுதி வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் அது 1947 இல் தொடங்கியது. அமெரிக்காவில் 1982 இல் தொலைக்காட்சி மூலம் புகழ்பெற்ற லாஸி என்ற நாய்க்குக் காப்புறுதிப் பத்திரம் வழங்கப்பட்டது. எனினும் அங்கும் காப்புறுதி என்பது முழுமையான கவசமன்று. ஏற்கனவே உள்ள நோய்க்கு அது பொதுவாகப் பணம் தருவதில்லை. நாய்க்கு வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறுகின்றது. அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான நாய்கள் காப்புறுதி செய்யப்படாதவையே.

நமது நாட்டில் கறவை மாட்டுக்குக் காப்புறுதி உண்டு. அது விவசாயியின் வருமானம் என்பதால். வீட்டு நாய்க்குக் காப்புறுதி எடுக்கும் வழக்கம் நமது குடும்பங்களிடையே வேரூன்றவில்லை. இது ஒருபுறமிருக்க, 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி சுமையை மேலும் கூட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. கால்நடை மருந்துகளும் தடுப்பூசிகளும் பெருமளவில் இறக்குமதியாகின்றவை. ரூபா பின்னர் ஓரளவு மீண்ட போதிலும் விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது பாமசி வாசலில் நின்ற எவருக்கும் தெரியும்.

இந்நிலையில் காப்புறுதியின் இடத்தை நிரப்பக்கூடியது முன்னெச்சரிக்கையும் கூர்ந்த கவனிப்பும் மட்டுமே. நகர்ப்புற வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் பொமரேனியன் போன்ற சிறிய நாய்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் கூட வாழக்கூடியவை. ஆகவே முதுமை நோய்களையும் சந்திக்கின்றன. அவற்றுள் முக்கியமானது இதய வால்வு தடித்துத் தேய்வடையும் நோயாகும். வால்வு சரியாக மூடாததால் இரத்தம் பின்னோக்கிக் கசிந்து, காலப்போக்கில் இதயம் பெருத்து, இறுதியில் நுரையீரலில் நீர் கோத்துக் கொள்கின்றது. இரவில் இருமல், விரைவில் களைப்பு, மூச்சிரைப்பு என்பன இதன் அறிகுறிகள்.

இந்நோயை வீட்டிலிருந்தே கண்காணிக்க ஒரு சதமும் செலவாகாத வழியொன்று உண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடத்துக்கு எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். அவ்வெண்ணிக்கை வழமையாக 30 இற்குக் குறைவாகவே இருக்கும். அது தொடர்ந்து 30 ஐத் தாண்டுமாயின் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போதே பிடித்துவிட்டால் மாத்திரையுடன் சமாளிக்க வாய்ப்புண்டு. மூச்சுத் திணறி ஒட்சிசன் கொடுக்க வேண்டிய கட்டத்தை அடைந்தால் செலவு பன்மடங்காகும்.

சிறிய உடலுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நான்கு கிலோ நாய்க்குத் தேவைப்படும் மருந்து நாற்பது கிலோ நாய்க்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. நீரை வெளியேற்றும் புரோசமைட் என்ற மாத்திரை மனிதருக்கும் வழங்கப்படுகின்ற, விலை குறைந்த மருந்தாகும். பிமோபென்டான் என்ற இதய மருந்து விலை கூடியதே. ஆயினும் இதயம் பெருத்த நாய்களுக்கு அதனை முன்கூட்டியே கொடுத்தால் இதயச் செயலிழப்பைச் சராசரியாகப் பதினைந்து மாதங்களளவில் பிற்போடலாம் என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அளவையும் வேளையையும் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

நமது காலநிலையில் எந்த வயது நாயையும் வீழ்த்தக்கூடியது உண்ணிக் காய்ச்சலாகும். உண்ணியின் கடியால் உட்புகும் கிருமிகள் இரத்த அணுக்களைத் தாக்குகின்றன. ஈறு வெளிறுதல், உணவை வெறுத்தல், காய்ச்சல், சிறுநீர் கருத்தல், மூக்கால் இரத்தம் வடிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக் கடத்தக் கூடாது. இதில் எர்லிக்கியா என்ற வகைக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் விலை மலிவானது. ஆனால் நாய் எழுந்து ஓடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடாமல், வழமையாக விதிக்கப்படும் 28 நாட்களும் கொடுக்க வேண்டும். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயில் சேலைன் ஏற்றப்பட்டால் பிழைப்பவை பல. கவனிக்காது விட்டால் மடிபவையே அதிகம். அந்தச் சில நாள் சிகிச்சைக்காகும் பணத்துடன் ஒப்பிடுகையில் தடுப்பூசியின் விலை அற்பமே. விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியோ அரச சுகாதாரத் துறையினரால் நாய்களுக்கு இலவசமாகவே ஏற்றப்படுகின்றது. பெண் நாய்க்குச் செய்யப்படும் கருத்தடைச் சத்திரசிகிச்சை, பிற்காலத்தில் கருப்பையில் சீழ் கட்டும் உயிராபத்தான நோயையும் தடுக்கின்றது.

இத்தகைய முன்னெச்சரிக்கைகளுடன் மாதந்தோறும் சிறு தொகையொன்றை நாயின் பெயரால் ஒதுக்கி வைப்பதும் நல்ல வழக்கமாகும். நமது பெண்கள் சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளின் கல்வியையே நடத்தி வந்தவர்கள். அந்தச் சிக்கனத்தின் ஒரு துளி இதற்குப் போதுமானது.

நோய் வந்த பின்னர் வைத்தியரிடம் பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படலாகாது. என்ன நோய், சிகிச்சையளித்தால் நாய் எவ்வாறு வாழும், எந்தப் பரிசோதனை இன்றே அவசியம், எது பொறுக்கலாம், நம்மிடம் இருப்பது இவ்வளவே என்றால் என்ன செய்யலாம் என்ற கேள்விகளை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மிக உயர்ந்த சிகிச்சை ஒன்று, இல்லையேல் ஒன்றுமில்லை என்ற நிலைக்குப் பதிலாக, இயலுமைக்கேற்பப் பல படிகளில் சிகிச்சையளிக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவ உலகமே இன்று வலியுறுத்துகின்றது. அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் முதன்மையாக மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கானவை எனினும் அங்கும் ஆலோசனை பெறலாம். சிக்கலான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை உள்ளது.

செலவை மிச்சப்படுத்த எண்ணி வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுப்பது பேராபத்தாகும். மனிதரின் வலியைப் போக்கும் இபுபுரொபென் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. பனடோல் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். சிறிய நாய்க்கு அந்த அளவு மிக விரைவில் மீறிவிடும் என்பதை மறக்கலாகாது.

எவ்வளவு செய்தும் சில வேளைகளில் நாய் தேறுவதில்லை. சில வேளைகளில் தேறக்கூடிய நோய்க்கும் பணம் போதுவதில்லை. அப்போது வலியைத் தணிக்கும் மருந்துடன் வீட்டிலேயே அதன் இறுதி நாட்களைக் கழிக்கச் செய்வதும் சிகிச்சையே. தாங்க முடியாத வேதனை தொடருமாயின், வைத்தியரின் ஊசி மூலம் நோவின்றி உயிர் பிரியச் செய்வது குறித்தும் சிந்திக்கலாம். இது குறித்துச் சமய ரீதியான தயக்கமுள்ளவர்கள் தமது பெரியவர்களிடம் விளக்கம் கேட்டுக் கொள்வது நலம். கடன்பட்டுக் குடும்பத்தை நெருக்கடிக்குள் தள்ளாத ஒருவர் தமது நாய்க்குத் துரோகம் செய்தவராக மாட்டார். ஆனால் அதனை வீதியில் கைவிடுவதை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907 இலேயே இயற்றப்பட்டது.

தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனை மகாபாரதம் காட்டுகின்றது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி கூறுகின்றது. நாயை வீட்டினுள் வைத்திருப்பது பற்றி நம்மிடையே வழக்கங்கள் வேறுபடலாம். வேதனையுறும் உயிரைக் கைவிடலாகாது என்பதில் வேறுபாடில்லை.

தனிமனிதரின் சிக்கனமும் கருணையும் மாத்திரம் போதுமானவை அல்ல என்பதையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. உள்ளூராட்சி மன்றங்கள் அரச கால்நடை வைத்தியர்களுடன் இணைந்து மாதத்தில் ஒரு நாளேனும் சலுகைக் கட்டணத்தில் சிறு பிராணிகளுக்கான சிகிச்சை முகாம்களை நடத்தலாம். உண்ணிக் கட்டுப்பாட்டையும் கருத்தடையையும் அங்கிருந்தே முன்னெடுக்கலாம். காப்புறுதி நிறுவனங்கள் சாதாரண குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் திட்டங்களை வகுக்க முன்வர வேண்டும். அதுவரையில், தடுப்பூசி அட்டையும் சிறு சேமிப்பும் உறங்கும் நாயின் மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிடமுமே நமது இல்லங்களின் காப்புறுதிப் பத்திரமாகும் என நாம் கருதுகின்றோம்.