எழுத்தும் நாணயமும்

எழுதிப் பிழைப்பது அரிது என்பது தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்த செய்தி. புலவரின் வறுமையைப் பாடாத காலமே நம் இலக்கியத்தில் இல்லை எனலாம். இந்நிலையில், "எழுதி வெளியிடு, படிப்பவர் விரும்பினால் பணம் வந்து சேரும், இடையில் முதலாளியும் இல்லை, பத்திரிகை ஆசிரியரும் இல்லை" என்று ஒரு தளம் அழைக்குமானால், மாணவர் மனம் அதனை நாடுவதில் வியப்பென்ன? தோழர்கள் பலர் என்னிடம் இதுபற்றிக் கேட்டதுண்டு. பொருளியல் பயில்பவன் என்ற முறையில் என்னை ஈர்த்தது வேறொரு வினா. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

இத்துறையில் முன்னோடி ஸ்டீம். நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகிய இருவர் அமெரிக்காவில் 2016 மார்ச்சில் இதனைத் தொடங்கினர். ஸ்டீமிட் என்ற தளத்தில் எழுதியவர்களுக்கு அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் முதன்முறையாக ஊதியம் வழங்கப்பட்டது. இதன் அடித்தளம் பிளாக்செயின் என்னும் பேரேடு. நம் ஊர்ச் சீட்டுக் கணக்கு ஒருவர் கையில் இருக்கும். அவர் ஒரு தாளைக் கிழித்துவிட்டால் நாம் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். இங்கோ ஒரே பேரேட்டின் படிகள் பலரிடம் இருக்கின்றன. மூன்று வினாடிக்கு ஒரு பக்கம் புதிதாகச் சேர்கிறது. அதனை எழுதும் உரிமை ஒவ்வொரு சுற்றிலும் 21 பேருக்கு உண்டு. சாட்சிகள் என்று அழைக்கப்படும் இவர்களுள் 20 பேரை நாணயம் வைத்திருப்போர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்த 'நாணயம் வைத்திருப்போர்' என்ற சொல்லை நினைவிற் கொள்க.

இனி பணத்துக்கு வருவோம். யூடியூப் போன்றவற்றில் படைப்பாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் விளம்பரதாரர் தந்த காசு. ஸ்டீமின் மூலத் திட்டத்தில் விளம்பரத்துக்கு இடமில்லை. புதிய நாணயங்கள் நாள்தோறும் அச்சிடப்படுகின்றன. 2016 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி இவ்வெளியீடு ஆண்டுக்கு 9.5 விழுக்காட்டில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறையும். அதில் முக்கால் பங்கு எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்கும் ஒதுக்கப்பட்டது. நோட்டை மிகுதியாக அச்சடித்தால் அதன் மதிப்பு குறையும் என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். ஆகவே எழுத்தாளன் பெறுவது, நாணயம் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் இழந்த துளிகளின் தொகுப்பே. அந்த நாணயத்தைச் சந்தையில் வாங்க வெளியிலிருந்து ஒருவர் முன்வந்தால்தான் அது கைக்காசு ஆகும். 2018 ஜனவரியில் ஒரு ஸ்டீம் எட்டு டாலரையும் தாண்டி விற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. நிறுவனம் தன் ஊழியருள் எழுபது விழுக்காட்டினருக்கு மேல் நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் எழுத்தின் தரம் அந்த அளவுக்கா வீழ்ந்திருக்கும்?

அடுத்தது, எவர் வாக்குக்கு எவ்வளவு எடை? கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு; கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. ஸ்டீம் பின்பற்றியது கம்பெனி முறையை. முதலில் அதனினும் கடுமையாக இருந்தது: வாக்கின் பலன் பங்கின் வர்க்கமாகப் பெருகியது. என்னிடம் ஒரு பங்கும் உங்களிடம் பத்துப் பங்கும் இருந்தால், உங்கள் சொல்லுக்கு என் சொல்லைப் போல் நூறு மடங்கு விலை! 2017 ஜூனில்தான் இதனை நேர்விகிதமாக மாற்றினர். அதன் பின்னரும் பெருந்தனக்காரர் ஒருவரின் கண்ணில் பட்ட சாதாரணக் குறிப்பு, ஏழைகள் நூறு பேர் பாராட்டிய நல்ல கட்டுரையைக் காட்டிலும் மிகுதியாக ஈட்டக்கூடும். வாக்குகளை வாடகைக்கு விடும் தானியங்கிகளும் தோன்றின. காசு கொடுத்து வாக்கை வாங்கித் தன் கட்டுரைக்கே போட்டுக்கொள்வது அங்கே ஒரு தொழிலாயிற்று. தேர்தல் காலங்களைக் கண்ட நமக்கு இது புதுமையன்று.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கட்டுரைக்குப் பத்து டாலர் மதிப்பு சேர்ந்ததாகக் கொள்வோம். 2019 ஆகஸ்டில் வந்த விதிப்படி பாதி வாக்களித்தவர்களுக்குப் போகும். எஞ்சிய ஐந்தில், வழக்கமான முறையில், பாதி உடனே எடுக்கத்தக்கது. மறுபாதி பங்காக முடக்கப்படும். முடக்கியதை எடுக்கத் தொடக்கத்தில் 104 வாரங்கள் தவணை; பின்னர் அது 13 வாரமாயிற்று. மேலும், வெளியிட்ட ஏழு நாட்களுக்குள் விழுந்த வாக்குக்கே ஊதியம். திருக்குறளே அங்கு வெளியானாலும் எட்டாம் நாள் முதல் அதற்குக் காசில்லை! என் கருத்தில் இத்தளங்களின் பெருங்குறை இதுவே. நின்று வாழும் எழுத்தைவிட நாளும் எழுதும் எழுத்தையே இது வளர்க்கிறது.

முதலாளி இல்லை என்ற கூற்று 2020இல் சோதனைக்கு உள்ளாயிற்று. தொடக்கக் காலத்திலேயே திரட்டிய பெரும்பங்கு ஸ்டீமிட் நிறுவனத்திடம் இருந்தது. அதனைத் தளத்தின் வளர்ச்சிக்கே செலவிடுவோம் என்பது வாக்குறுதி. பிப்ரவரியில் அந்நிறுவனத்தை டிரான் அமைப்பின் ஜஸ்டின் சன் விலைக்கு வாங்கினார். அஞ்சிய சாட்சிகள் அப்பங்கை முடக்கினர். மார்ச் 2ஆம் நாள், பைனான்ஸ், ஹுவோபி உள்ளிட்ட நாணயச் சந்தைகள் தம்மிடம் மக்கள் வைப்பாக வைத்திருந்த நாணயங்களைக் கொண்டு வாக்களிக்க, பழைய சாட்சிகள் ஒரே நாளில் வீழ்ந்தனர். வங்கி ஒன்று நம் வைப்புத் தொகையைக் காட்டித் தேர்தலில் வாக்களித்ததற்கு இது ஒப்பாகும். எதிர்ப்பு எழவே அச்சந்தைகள் பின்வாங்கின.

ஆனால் இங்குதான் பேரேட்டின் இயல்பு பயன்பட்டது. படி எல்லோரிடமும் இருந்தமையால், அதிருப்தியுற்றோர் அதனை அப்படியே எடுத்துக்கொண்டு மார்ச் 20ஆம் நாள் ஹைவ் என்னும் புதுத் தளம் கண்டனர். பழைய கட்டுரைகளும் கணக்குகளும் உடன் சென்றன. நிறுவனத்தின் அந்தப் பெரும்பங்கு செல்லவில்லை. பத்திரிகை அலுவலகத்தைப் பூட்டினால் எழுத்தாளர் தெருவுக்கு வருவதே வழக்கம். இங்கே எழுத்தாளர் தம் எழுத்தோடு வெளியேறிவிட்டனர். பணத்தைக் காட்டிலும் இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இதில் இறங்க எண்ணும் நண்பர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய நாணயங்களை விற்றுப் பெறும் லாபத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு எச்செலவையும் கழிக்க இயலாது. ஒன்றில் அடைந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் வழியில்லை. மாதம் நூறு இருநூறு ஈட்டுபவரும் இக்கணக்கை எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.