தருக்கத்துக்கு எத்தனையாவது இருக்கை?

வாகூர் ஏரியை அறியாதவர் புதுவையில் உண்டோ? ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் நீரில் நெல் விளைவதை அனைவரும் அறிவர். அந்த நெல்லில் ஒரு கல்லூரி நடந்ததை எத்தனை பேர் அறிவர்?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாகூரில் கிடைத்த செப்பேடுகள் சொல்கின்றன: 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், மூன்று ஊர்கள் வாகூர் வித்தியாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. அங்கே 14 பிரிவுகளில் கல்வி புகட்டப்பட்டது. மரபு சொல்லும் பதினான்கு வித்தைகள் எவை? வேதம் நான்கு, வேத அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாத்திரம். நியாயம் என்றால் தருக்கம். காரணம் காட்டி முடிவுக்கு வரும் கலை. வேதம் ஓதிய கூரையின் கீழேயே அதற்கும் ஓர் இருக்கை போடப்பட்டது.

வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையிலும் இப்படி ஒன்று இருந்தது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048இல், 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், 72 வேலி நிலம், ஆண்டுக்கு 12,000 கலம் நெல்! அங்கே கற்பித்தவற்றில் வேதாந்தமும் உண்டு. மனு சாத்திரமும் உண்டு. இரண்டும் ஒரே களஞ்சியத்து நெல்லில் வளர்ந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மேடை தோறும் சிலர் முழங்குகிறார்கள்: 'அத்வைதம் பகுத்தறிவுத் தத்துவம்; விஞ்ஞானம் அதைத்தான் இப்போது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது' என்று. அப்படியா? அத்வைதத்தின் பேராசான் சங்கரர் என்ன எழுதினார் என்று அவருடைய உரைகளையே புரட்டிப் பார்ப்போமே.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் வழக்கு வருகிறது. தருக்கத்துக்கு நிலைத்த அடிப்படை இல்லை என்கிறார் சங்கரர். கபிலர் ஒன்று சொல்வார், கணாதர் அதை மறுப்பார். ஒரு புத்திசாலி கட்டிய வாதத்தை அடுத்த புத்திசாலி இடிப்பான். நேற்று இருந்தவன், இன்று இருப்பவன், நாளை வருபவன் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி ஒரே முடிவுக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது, ஆகவே வேதமே துணை என்பது அவர் வாதம். வலிமையான வாதந்தான், ஒப்புக்கொள்வோம். எதிராளியின் கேள்வியையும் அவர் மறைக்கவில்லை. 'தருக்கத்துக்கு அடிப்படை இல்லை என்பதையே தருக்கத்தால்தானே நிறுவுகிறீர்?' என்ற கேள்வியை அவரே எழுதி, சில இடங்களில் தருக்கம் நிற்கும், பிரம்ம விஷயத்தில் நிற்காது என்று விடை தருகிறார்.

ஆனால் நாம் ஒன்று கேட்கலாமல்லவா? அதே பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் ஓர் உரை கண்டார். இராமாநுசர் வேறோர் உரை கண்டார். மத்துவர் மூன்றாவது உரை கண்டார். ஒருவருக்கு உயிரும் பிரம்மமும் ஒன்று. ஒருவருக்கு உயிர் பிரம்மத்தின் உடல். மற்றவருக்கு இரண்டும் என்றுமே வேறு. தருக்கவாதிகள் ஒன்றுபடவில்லை என்பதற்காகத் தருக்கம் தள்ளுபடி என்றால், வேத வாக்கிய உரைகாரர்கள் ஒன்றுபட்டார்களா? இந்த மூவரில் எவர் உரை சரி என்று எதை வைத்துத் தீர்ப்பளிப்பது? வாசலில் துரத்திய தருக்கத்தைக் கொல்லை வழியாக அழைத்து வந்துதானே தீரவேண்டும்!

சங்கரர் முழு வைதீகர், ஆராய்ச்சிக்குப் பகைவர் என்று சொல்லிவிட்டால் அதுவும் பொய்யாகும். கீதையின் 18ஆம் அத்தியாய உரையில் அவர் அச்சமின்றி எழுதுகிறார்: நூறு வேத வாக்கியங்கள் சேர்ந்து நெருப்பு குளிரும் என்று கூறினாலும் அது பிரமாணம் ஆகாது. கௌடபாதரின் காரிகைக்கு எழுதிய உரையில், அத்வைதத்தை ஆகமத்தால் மட்டுமா, தருக்கத்தாலும் அறியலாமா என்று கேட்டு, தருக்கத்தாலும் அறியலாம் என்கிறார். கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்ற மூன்று படிகளில் நடுப்படியே ஆராய்ச்சிதான். ஆக, கண் எட்டும் இடத்தில் கண்ணுக்கு அதிகாரம். கண் எட்டாத இடத்தில் வேதத்துக்கு அதிகாரம். தருக்கம் அங்கே வேதத்தின் வழக்கறிஞர், நீதிபதி அல்ல. இதுதான் அவர் வகுத்த எல்லை.

எல்லை எங்கே முள்வேலி ஆகிறது? முதல் அத்தியாயத்து மூன்றாம் பாதத்திலே! சூத்திரனுக்கு வேதம் பயில உரிமை உண்டா என்பது அங்கே கேள்வி. உபநிடதத்திலேயே சானசுருதி என்பவனை ரைக்குவர் 'சூத்திரா' என்று அழைத்துவிட்டு வித்தையையும் கற்பிக்கிறார். அப்புறம் என்ன தடை? சொல்லைப் பிரித்தார்கள்: 'சோகத்தால் ஓடிவந்தவன்' என்பதே அங்கே பொருளாம், சாதியைக் குறிக்கவில்லையாம்! வேதம் கேட்டவன் காதில் ஈயமும் அரக்கும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதி வாக்கியத்தையும் சங்கரர் சான்றாக எடுத்து வைக்கிறார். இதிகாச புராணங்கள் வழியாக அவர்கள் ஞானம் பெறத் தடையில்லை என்று ஒரு சலுகையும் தருகிறார்.

இருப்பது ஒன்றே பிரம்மம் என்றால், ஈயம் ஊற்றப்படும் காது எவருடைய காது? ஊற்றும் கை எவருடைய கை? அத்வைதத்தின் சொந்தத் தருக்கமே எழுப்பும் கேள்வி இது. சங்கரர் பேரால் வழங்கும் மனீஷா பஞ்சகத்தின் கதையில், காசித் தெருவில் 'விலகிப் போ' என்று சொல்லப்பட்ட சண்டாளன் இதைத்தானே கேட்டான்? விலக வேண்டியது உடலா, ஆன்மாவா என்றான். வாய் அடைத்துப்போனது, வணங்கினார் என்கிறது கதை. கதையில் தருக்கம் வென்றது. உரையில் ஸ்மிருதி வென்றது. கல்லூரிகள் நடந்தது உரையின்படி.

வாகூர்ச் செப்பேட்டில் கண்ட சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களிலும் ஏர் பிடித்தவன் அந்தப் பதினான்கு பிரிவுகளுக்கும் சோறு போட்டான். ஸ்மிருதி விதித்தபடி அவன் மகனுக்கு அங்கே வேதமும் இல்லை. வேதத்தை ஆராயும் தருக்கமும் இல்லை.

கதவு தமிழில் திறந்தது. நன்னிலம் தாண்டவராய சுவாமிகள் கைவல்ய நவநீதம் செய்தார். இரண்டே படலம், ஒன்று தத்துவ விளக்கம், மற்றது சந்தேகம் தெளிதல். பாதி நூலைச் சந்தேகத்துக்கு ஒதுக்கிய துணிவைப் பாருங்கள்! சீடன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். குரு சினக்காமல் விடை தருகிறார். காரைக்குடிப் பக்கம் கோவிலூர் மடத்தில் இத்தகைய தமிழ் நூல்களைக் கொண்டே வேதாந்தம் பயிற்றினார்கள். பூணூலைக் கேட்காமல், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்ட பாடம் அது. அங்கும் கடைசிச் சொல் குருவினுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதற் கேள்வியை யாரும் கேட்கலாம் என்றாயிற்று. வாகூரில் பதினான்கு பிரிவுகள் இருந்தும் இந்த ஒன்று இல்லை.