கடல் கடந்த களம்

முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கைமுட்டியால் தட்டியும் ஆடுவது ஆஸ்திரேலியக் கால்பந்து. இதன் பன்னாட்டுக் கோப்பையில் மகளிர் பிரிவு 2011இல் தொடங்கியது. அந்தந்த நாட்டில் வளர்ந்தவர்களே அணியில் இடம்பெற முடிந்தது. தேர்ந்த ஆஸ்திரேலியரைச் சேர்த்து வலிமை பெற இயலவில்லை. முதற்கோப்பையை அயர்லாந்து வென்றதில் வியப்பில்லை. கையிலுள்ள பந்தை உதைத்து ஆடும் கேலிக் கால்பந்து அந்நாட்டின் மரபு விளையாட்டாகும். கனடாவிற்கோ அத்தகைய மரபு இல்லை. அந்நாட்டு மகளிர் ஊதியம் கருதாது, அயல்நாட்டு ஆட்டத்தை அடிப்படையிலிருந்து கற்றனர். 2014 இறுதிப்போட்டியில் அயர்லாந்தையே வீழ்த்தினர். 2017இல் அயர்லாந்து கோப்பையை மீட்டது. மரபு முதலடியை எளிதாக்கும். அது இல்லாதோர்க்கும் பயிற்சி வழி திறக்கும் என்பதற்குக் கனடாவின் வெற்றியே சான்று.