நேர் மாறலும் வீட்டுச் சீட்டுகளும்

ஒன்று ஏற மற்றொன்றும் ஏறினால் அது நேர் மாறல் என்றே நம் குழந்தைகள் பலர் எண்ணிவிடுகின்றனர். அது போதாது. அரிசி 2 கிலோ 120 ரூபாய், 5 கிலோ 300 ரூபாய் என்று கொள்வோம். விலையை எடையால் வகுத்தால் இரண்டிலும் ஈவு 60. மாறாத இவ்வீவே மாறிலி. இது நேர் மாறல்.

மின்கட்டணத்தைப் பாருங்கள். நிலைக்கட்டணம் 100 ரூபாய், யூனிட்டுக்கு 5 ரூபாய் எனில், 100 யூனிட்டுக்கு 600. 200 யூனிட்டுக்கு 1,100. இரண்டும் ஏறின, ஆயினும் ஈவு 6-லிருந்து 5.50 ஆயிற்று. எனவே இது நேர் மாறலன்று.

பள்ளியில் எம்மொழியில் பயின்றாலும், வீட்டுச் சீட்டுகளை முன்வைத்து இவ்வேறுபாட்டை நாம் தமிழிலேயே விளக்கலாம் அன்றோ? தாய்மொழியில் தெளிந்தது மறவாது.