கொம்பனித்தெருவின் இரவு: வெளியில் தெரிவதும் உள்ளே இருப்பதும்

கொழும்பில் தொழில் கிடைத்தோ மேற்படிப்புக்காகவோ வரும் பிள்ளைகளுக்கு அறை தேடும் பெற்றோர், நான் கொம்பனித்தெருவில் குடியிருப்பவன் என்று தெரிந்ததும் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "அந்தப் பக்கம் பிள்ளைய விடலாமா சேர்? இரவெல்லாம் சனம் நடமாடுற இடமாமே, பாரும் கிளப்பும்தானாமே?" மட்டக்களப்பிலிருந்து வருபவரும் கேட்கிறார், புத்தளத்திலிருந்து வருபவரும் கேட்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் 'ஆம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடியதல்ல. இரவில் விழித்திருக்கும் ஒரு நகர்ப்பகுதி எப்படி உருவாகிறது, அதை இயக்குபவர்கள் யார், அங்கு எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பதை விளங்கிக்கொண்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் இவ்விடத்தின் வரலாறு. ஆங்கிலத்தில் இப்பகுதிக்கு நீண்டகாலமாக 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு என்ற பெயர் வழங்கிவந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையில் வேலை செய்த அடிமைகளை இரவில் பேரை வாவியால் சூழப்பட்ட இந்நிலத்தில் அடைத்து வைத்தார்கள் என்பதே அப்பெயரின் பின்னணி. அவர்கள் தப்பிச் செல்லாதிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் பெயரில் உள்ள 'கொம்பனி' ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியைக் குறிக்கிறது என்பார் சிலர். இங்கு முகாமிட்டிருந்த படைப்பிரிவைக் குறிக்கிறது என்பார் வேறு சிலர். எப்படியிருப்பினும், பகலில் கோட்டைக்காக உழைத்தவர்கள் இரவில் திரும்பி வந்த இடம் இது என்பது முக்கியமானது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அந்த இயல்பு முற்றாக மாறிவிடவில்லை.

ஒல்லாந்தர் ஜாவா முதலான தீவுகளிலிருந்து படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்ட பிரமுகர்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். 1796 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அவ்வீரர்களைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவை அமைத்தனர். பின்னாளில் இலங்கை ரைபிள் படைப்பிரிவு என்று அழைக்கப்பட்ட அது 1873 இல் கலைக்கப்பட்டது. படை போனாலும் மக்கள் இருந்தார்கள். மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்ற பெயர்கள் அந்த வரலாற்றின் சுவடுகள். வேகந்தைப் பள்ளிவாசல் 1786 ஆம் ஆண்டளவில், ஜாவாவிலிருந்து வந்த பாண்டான் பாலி என்பவரால் அமைக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. மலாய்க் கிரிக்கெட் கழகம் 1872 இல் தோன்றியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1869 இல், பாபா யூனுஸ் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் கொழும்பிலிருந்து வெளியிட்டார். நாம் இன்று 'கிளப் இருக்கும் பகுதி' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடும் இடத்தோடு இணைந்திருப்பது இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம்.

சோனகரும் இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் பறங்கியரும் இதே ஒழுங்கைகளில் குடியேறினர். பள்ளிவாசலிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில், இன்னும் சில நிமிடங்களில் கங்காராமை விகாரை. வாவியின் மேல் நிற்கும் சீமமாலக்கத்தை எழுபதுகளின் பிற்பகுதியில் வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா. அதைக் கட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்கள், மறைந்த தம் மகனின் நினைவாக எஸ். எச். மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவரது மனைவியும் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தக் கலப்பு எப்போதும் அமைதியாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமான ரியோ திரையரங்கு 1965 இல் திறக்கப்பட்டு, இப்பகுதியின் இரவுக்கு ஒளியூட்டியது. 1983 ஜூலையில் அது தீக்கிரையானது. கருகிய கட்டடம் பல வருடங்கள் எலும்புக்கூடாக நின்றது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் முஸ்லிம் கடைக்காரர்கள் சந்தேகப் பார்வையை எதிர்கொண்ட நாட்களும் உண்டு. இருந்தும் மறுநாள் கடை திறந்ததும் அதே அயலவர்தான் வந்து பிளேன்ரீ கேட்டார். அருகருகே வாழ்பவர்களுக்கு ஒருவரையொருவர் தவிர்க்க முடியாது. சேர்ந்து வாழ்தலின் அடிப்படை பல வேளைகளில் பெரிய இலட்சியம் அல்ல, இந்தத் தவிர்க்க முடியாமைதான்.

இனி இரவுக்கு வருவோம். வெளியார் ஒரே இரவாகப் பார்ப்பதை இங்கு குடியிருப்பவர்கள் மூன்று பகுதிகளாகவே அறிவார்கள்.

மஃரிப் தொடக்கம் இரவு பத்து மணி வரை குடும்பங்களின் நேரம். இப்பகுதி வீடுகள் பல மிகச் சிறியவை, ஓர் அறையே வீடாக இருப்பதும் உண்டு. ஆகவே வீதிதான் விறாந்தை. பிள்ளைகள் ஓதிவிட்டு வருவார்கள், பெரியவர்கள் வாசலில் கதிரை போட்டு அமர்வார்கள். சமைக்க இடமோ நேரமோ இல்லாதவர்கள் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதால்தான் இவ்வளவு சாப்பாட்டுக் கடைகள். கொத்து ரொட்டித் தகடு அடிக்கும் ஓசை, பிட்டோடு பாபத் கறி, நாசி கோரெங், இடியப்பத்தோடு பாயா, பக்கத்திலேயே தோசையும் வடையும். ரமழானில் இந்நேரம் இன்னும் நீண்டு தராவீஹுக்குப் பின்னரும் தொடரும். சுற்றுலாப் பயணி 'வீதி உணவு' என்று படம் பிடிப்பது, இங்குள்ளவருக்கு அன்றாட இராச்சாப்பாடு.

பத்து மணி தொடக்கம் இரண்டு மணி வரை வெளியாரின் நேரம். யூனியன் பிளேஸ், பார்க் வீதிப் பக்கத்து உணவகங்களுக்கும் மதுச்சாலைகளுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் கார்களில் வருகிறார்கள். பெற்றோர் அஞ்சுவது இந்த நான்கு மணித்தியாலத்தைத்தான். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உள்ளே ஆடுபவர்களில் பெரும்பாலோர் இப்பகுதியைச் சேர்ந்தவர்கள் அல்லர். வெளியே முச்சக்கர வண்டியோடு காத்திருப்பவரும், வாகனத் தரிப்பிடத்தில் நிற்பவரும், சமையலறையில் பாத்திரம் கழுவுபவரும்தான் எம்மவர்கள். கேளிக்கை ஒருவருடையது, அதற்கான கூலி வேலை மற்றொருவருடையது.

இரண்டு மணி தொடக்கம் சுபஹ் வரையிலான நேரத்தை வெளியார் காண்பதில்லை. ஹோட்டல் ஊழியர்களும் காவலாளிகளும் அழைப்பு நிலையங்களில் வேலை செய்யும் இளைஞர்களும் யுவதிகளும் வீடு திரும்பும் நேரம் அது. மாநகர சபைத் தொழிலாளர்கள் இரவின் குப்பையை அள்ளுகிறார்கள். இடியப்பம் அவிக்கும் பெண்கள் அடுப்பை மூட்டுகிறார்கள். பள்ளிவாசல் கதவு திறக்கும்போது, அன்றைய வேலையை முடித்தவரும் தொடங்குபவரும் ஒரே ஸஃப்பில் நிற்பார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அச்சத்தை அளவிட முடியும். ஆளில்லாத இருண்ட வீதியைவிட, கடை திறந்திருக்கும் வெளிச்சமான வீதி பாதுகாப்பானது. கடைக்காரர், ஆட்டோக்காரர், வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஆகியோரின் கண்கள் காவலாக இருக்கின்றன. அதேவேளை, உண்மையான ஆபத்தை மறைக்கவும் கூடாது. போதைப்பொருள் இருக்கிறது, ஐஸும் தூளும் இளைஞர்களைத் தேடி வருகின்றன. ஆனால் அது கொம்பனித்தெருவோடு நிற்கவில்லை. எமது ஊர்களின் பாடசாலை வாசல்கள் வரை வந்துவிட்டதை ஆசிரியர்கள் அறிவோம். மாணவனைக் காப்பாற்றுவது அவன் தங்கும் தெருவின் பெயர் அல்ல. யாரோடு பழகுகிறான், யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறான், அவன் வராவிட்டால் யார் தேடுவார்கள் என்பவையே.

ஆகவே பெற்றோருக்கு என் பதில் இதுதான். பகலில் மட்டும் வந்து அறை பார்க்காதீர்கள். பிள்ளையோடு ஓர் இரவு இஷாவுக்குப் பின் இவ்வீதிகளில் நடந்து பாருங்கள். வீட்டுக்காரரோடும் பக்கத்து வீட்டாரோடும் பேசுங்கள், அவர்கள் எந்த இனத்தவராயினும் சரி. பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்குப் பிள்ளையை அறிமுகம் செய்யுங்கள். எந்தக் கடையில் ஹலாலாகச் சாப்பிடலாம், எங்கு மதுவும் பரிமாறப்படுகிறது என்பதை மறைவின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அந்தப் பக்கம் பார்க்காதே" என்று சொல்லி அனுப்பும் பிள்ளை முதலில் அந்தப் பக்கம்தான் பார்ப்பான். தான் காண்பதை விளங்கிக்கொண்ட பிள்ளை தானாகவே தெரிவு செய்யக் கற்றுக்கொள்வான். பல இன மக்களோடு ஒரே நாட்டில் வாழப்போகும் ஒருவனுக்கு இது பாடப்புத்தகம் தராத கல்வி.

இரவுச் சத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. அத்தீர்ப்பு அன்று எம்மில் பலருக்குக் கசந்தது. ஆனால் அதன் அடிப்படை, உறங்க விரும்பும் மனிதனின் உரிமை. கேளிக்கை விடுதியின் இசை எம் வீட்டுக் குழந்தையை எழுப்பும்போது நாம் கோருவதும் அதே உரிமையைத்தான். அயலவரின் உறக்கத்தை நாம் மதித்தால்தான் எமது உறக்கத்துக்காகக் குரல் கொடுக்க முடியும்.

இறுதியாக, இவ்விடத்துக்கு இன்று உள்ள பெரிய ஆபத்து கேளிக்கை விடுதிகள் அல்ல என்பது என் கருத்து. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் ஜாவா லேன் உள்ளிட்ட இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்நிலங்களைச் சுற்றி வானளாவிய கோபுரங்கள் எழுந்துள்ளன. தொடர்மாடிக்குச் சென்றவர்களுக்குக் குழாய் நீரும் தனிக் கழிவறையும் கிடைத்திருக்கலாம், அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாசலில் பிட்டு விற்றவர் பன்னிரண்டாம் மாடியில் யாருக்கு விற்பார்? மதுச்சாலைகளும் ஆடம்பர உணவகங்களும் புதிய கட்டடங்களில் இடம் பிடித்துக்கொள்ளும். முதலாம் பகுதி இரவும் மூன்றாம் பகுதி இரவும்தான் அழிந்துபோகும். அப்போது எஞ்சுவது, பெற்றோர் அஞ்சும் அந்த நான்கு மணித்தியாலம் மட்டுமே.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் மலாயர் சுமார் 44,000 பேர். இவ்வொழுங்கைகளில் இன்னும் அம்மொழியைப் பேசும் முதியவர்கள் இருக்கிறார்கள். தமிழோடும் சிங்களத்தோடும் பழகி இலக்கணமே மாறிப்போன மொழி அது. அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலையைப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இன்றே தொடங்கலாம். மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது வீட்டின் சதுர அடியோடு, கடை வைக்கும் இடத்தையும் வீதியோர வியாபாரத்தையும் பற்றிக் கேட்க எமது மாநகர சபை உறுப்பினர்கள் முன்வர வேண்டும். இரவு வேலை முடித்துத் திரும்பும் பெண்களுக்கு வீதி விளக்கும் சுத்தமான பொதுக் கழிவறையும் கேட்பது பெரிய கோரிக்கையல்ல. இங்கு குடியிருப்பவர்கள் இங்கேயே இருக்கும் வரைதான், பிள்ளையை இப்பக்கம் தைரியமாக விடலாம் என்று நாம் சொல்ல முடியும்.